கண்ணாடி இல்லாத எட்டு வருடம்

பெண் பார்க்க வருவதற்கு ஒரு மாதம் முன்பே அம்மா என் கண்ணாடியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தி அழுத்திக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழி மறைய ஒரு மாதமாவது வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். தினமும் குளித்ததும் அந்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிடுவாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் பதினொன்று. கண்ணாடி இல்லாவிட்டால் முகத்துக்கு நாலைந்து விரற்கடைக்குள் இருப்பது மட்டும்தான் துல்லியமாகத் தெரியும். அந்தத் தூரத்தில் ஓர் எறும்பின் கால்களைக்கூட எண்ணிவிடுவேன். அதைத் தாண்டினால் எல்லாம் கரைந்துவிடும். கையை நீட்டினால் என் விரல்களே எனக்குத் தெரியாது.

அதற்கு முன் வந்த மூன்று வரன்களும் கண்ணாடியைப் பார்த்தே எழுந்து போயிருந்தன. ஒரு வீட்டார் காபியைத் தொடவில்லை. அப்பா அருப்புக்கோட்டையில் உரக்கடை வைத்திருந்தார். திருச்சுழிப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் பலர் அவரிடம்தான் உரமும் மருந்தும் வாங்குவார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்தில்தான் நாலாவதாகப் பேச்சு வந்தது. நல்ல கரிசல் நிலம், ஒரே பையன், கெட்ட பழக்கம் கிடையாது. இதையும் விட்டுவிட்டால் இனி ஆள் வராது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து பட்டாசாலைக் கூடம் வரை பதினாலு எட்டு. ஒன்பதாவது எட்டில் நிலைப்படி. பதினொன்றில் ஜமுக்காளத்தின் ஓரம். தம்ளர்களில் தண்ணீரை நிரப்பித் தட்டில் வைத்து, ஒரு மாதம் அம்மா என்னை நடக்கவிட்டாள். அப்பா நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொள்வார். என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அவர்கள் வந்த அன்று தட்டில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. வலது ஓரத்தில் வெள்ளையாக ஓர் உருவம் இருந்தது. அதுதான் மாப்பிள்ளை. எனக்குத் தெரிந்தது அந்த வெள்ளைச் சட்டை மட்டும்தான். அவருடைய அக்கா, பின்னால் எனக்கு நாத்தனார் ஆனவள், என்னைப் பார்த்துச் சும்மா ஒரு பேச்சுக்காக மணி என்ன ஆச்சு என்று கேட்டாள். கடிகாரம் என் எதிர்ச் சுவரில் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா எங்கிருந்தோ, "நாலரை" என்றார். என் வெட்கத்தை மெச்சி யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

கல்யாணம் அருப்புக்கோட்டையிலேயே நடந்தது. நான் கண்ணாடி போடுகிறவள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும், என்னோடு படித்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வந்து சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்திருப்பார்கள். புறப்படும்போது அம்மா ஒரு பழைய ரவிக்கைத் துணியில் கண்ணாடியைச் சுற்றி என் பெட்டிக்குள் அடியில் வைத்தாள்.

"இப்பச் சொல்லாத. ஒரு புள்ள பொறக்கட்டும். அப்பறம் பக்குவமாச் சொல்லிக்கிருவோம்" என்றாள்.

புருசன் ஊர் திருச்சுழியிலிருந்து மூன்று மைல் உள்ளே. பருத்தியும் மிளகாயும் போடுகிற மண். ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேல். அந்த வீட்டை நான் கையாலும் காலாலும்தான் படித்தேன். எந்தப் படி உயரம், எந்தக் கதவு முட்டும், தண்ணீர்ப் பானை எங்கே, உரல் எங்கே என்று ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆட்களை நடையிலும் இருமலிலும் தெரிந்துகொண்டேன். அரிசியில் கல் பொறுக்கும்போது மட்டும் யாரும் இல்லாத நேரம் பார்த்து முறத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வேன். சமையலில் குறை சொல்ல மாமியாருக்கு இடமே வைக்கவில்லை.

விடிந்ததும் பெண்கள் ஒதுங்கப் போகிற முள்காட்டில்தான் எனக்குக் கண் கிடைக்கும். மற்றவர்களை விட்டுத் தள்ளி உள்ளே போய், இடுப்பில் செருகி வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வேன். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நான் தினமும் எழுந்தேன் என்றால் மிகையில்லை. கருவேலம் பூ எவ்வளவு மஞ்சள் என்று பார்ப்பேன். வீரசோழன் போகிற பஸ் தூரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்ப்பேன். என் மாமியாருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதை அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன். வண்டிப்பாதையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போன என் புருசனை, நடந்துபோகிற ஒரு முழு மனிதனாக, முதன்முதலில் அங்கிருந்துதான் பார்த்தேன். கல்யாணம் முடிந்து அப்போது பதினேழு நாள் ஆகியிருந்தது. நல்ல முகம். ஏதோ யோசனையில் உதட்டைக் கடித்துக்கொண்டு போனார். போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊரில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. எதிரில் வருகிறவர்கள் சிரித்தால் நான் சிரிப்பதில்லை. காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த நாத்தனார் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி எதிரே வந்திருக்கிறாள். நான் குடத்தோடு அவளைத் தாண்டிப் போய்விட்டேன். அவள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டாள். டவுன்காரி நம்மளை மதிக்க மாட்டேங்குறா என்று மாமியார் நாலு பேரிடம் சொன்னாள். என் புருசன் என்னைக் கேட்டதற்கு, கவனிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். வருகிற மனுசியைக் கவனிக்காமல் வேறு எதைக் கவனித்தாய் என்றார். 

சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரை வந்தது. அதை நிறுத்தியது ஒரு மாடு. கல்யாணமான வருடம் காரியாபட்டிச் சந்தையில் அவர் ஒரு காளை வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருப்பது தெரிந்தது. மறுவாரமே அதை ஓட்டிக்கொண்டு போய், விற்றவனைச் சந்தையில் தேடிப் பிடித்துத் திருப்பி விட்டுவிட்டு வந்தார். சாப்பிடும்போது மாமியாரிடம் சொன்னார்:

"கண்ணு போன மாடுன்னு சொல்லி வித்திருந்தா நானே வாங்கியிருப்பேன். மறைச்சுல்ல வித்தான். அவன் வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

நான் அப்போது அவர் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மகள் பிறந்தாள். பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று அம்மா சொன்ன நாள் வந்தது. அம்மா தள்ளிப்போட்டாள். பிள்ளை நடக்கட்டும் என்றாள். பால் கொடுக்கும்போது மகளின் முகம் நாலு விரற்கடைக்குள் இருந்தது. அந்த ஒரு வருடம் நான் சந்தோசமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் இமைமயிர் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அவள் தவழ ஆரம்பித்ததும் என்னைவிட்டுப் போக ஆரம்பித்தாள். ஒரு முழம் போனால் போதும், என் குழந்தை எனக்கு ஒரு நிறமாக மாறிவிடுவாள்.

மிளகாய் பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்த நேரம். மகளுக்கு இரண்டு வயது. பொங்கலுக்கு அப்பா எடுத்துக் கொடுத்த சிவப்புக் கவுனைப் போட்டுவிட்டிருந்தேன். களத்தில் நான் மிளகாயைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அவளைக் காணவில்லை. கூப்பிட்டேன். சத்தம் இல்லை. எதிரே ஒரே சிவப்பு. களம் முழுக்கச் சிவப்பு. நான் கூப்பிட்டுக்கொண்டே கிணற்றுப் பக்கம் ஓடினேன். கிணற்றின் விளிம்பில் மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். கறுப்பாக இருந்தது. அதில் ஏதாவது மிதந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த இடத்தில் என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே தெரியாத சத்தம்.

அப்போதுதான் பின்னால் அவள் அலறினாள். மிளகாய்க்கு நடுவில், நான் நின்றிருந்த இடத்துக்குப் பத்தடி தூரத்தில்தான் இவ்வளவு நேரமும் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கையால் கண்ணைக் கசக்கிவிட்டாள். நான் சத்தத்தை வைத்துக்கொண்டு மிளகாய் மேல் விழுந்து எழுந்து போய் அவளைத் தூக்கினேன். மாமியார் ஓடிவந்து மோரை ஊற்றிக் கழுவினாள். "கண்ணு முன்னால கெடக்குற புள்ள தெரியலயா ஒனக்கு?" என்று கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்டாள். நான் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மகளின் கால் கொலுசில் கூடுதலாக மணி சேர்த்துப் போட்டேன். இடுப்பில் ஒரு மணி. அவள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் கூப்பிட்டுப் பார்ப்பேன்.

அவளுக்கு ஐந்து வயதானபோது, திருச்சுழியிலிருந்து பட்டாணி மடித்து வந்த ஒரு செய்தித்தாள் துண்டில் அந்தச் செய்தியைப் படித்தேன். எதையும் கண்ணுக்கருகில் வைத்துப் படிக்கிறவள் நான். கடைத்தாள் எதையும் விடமாட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஒரு மெஷின் கண்ணில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சில நிமிடங்களில் பவரைக் குறைத்துவிடுகிறதாம். கண்ணாடியே தேவையில்லையாம். வலி இல்லையாம். பாதிச் செய்திதான் இருந்தது. மீதி கிழிந்துபோயிருந்தது. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று அந்தக் கிழிந்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அந்தத் துண்டை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. யாருக்கும் தெரியாமல் போய், யாருக்கும் தெரியாமல் கண்ணோடு திரும்பி வந்துவிடலாம். பொய் பொய்யாகவே இல்லாமல் போய்விடும். அம்மா மறைத்தது, நான் மறைத்தது, அப்பா நாலரை என்று சொன்னது எல்லாம் அழிந்துவிடும். அப்படி நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் என் இடது கண்ணில் ஓரமாக மின்னல் மாதிரி ஒரு வெட்டு வந்துகொண்டிருந்தது. கறுப்பாகப் பூச்சிகள் மிதந்தன. வெயிலில் நின்று நின்று வருகிறது என்று விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மகளோடு அருப்புக்கோட்டைக்கு வந்தேன். மகளை அப்பாவிடம் விட்டுவிட்டு, அம்மாவும் நானும் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். பாளையம்பட்டியைத் தாண்டியதும் நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பவர் ஏறியிருந்ததால் அந்தக் கண்ணாடியிலும் பாதிதான் தெரிந்தது. ஆனாலும் மதுரை வரை ஜன்னலை விட்டு நான் தலையைத் திருப்பவில்லை.

மதுரையில் நாங்கள் போனது ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வயதானவர்கள், புரை எடுக்க வந்தவர்கள். டாக்டர் ஓர் அம்மாள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். கருவிழியை அளந்தார்கள். நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, மேலே பாருங்க, கீழே பாருங்க என்று வெகுநேரம் கண்ணுக்குள் பார்த்தார். இடது கண்ணை மறுபடியும் பார்த்தார். வேறொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு நம்பிக்கையாகத்தான் இருந்தது. இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார்களே என்று.

பிறகு சொன்னார். பவர் இப்போது மைனஸ் பதின்மூன்று. கருவிழி மெல்லிசு. நான் கேட்டு வந்த லேசர் அந்தக் கருவிழியைத்தான் செதுக்கிப் பவரைக் குறைக்கும். இவ்வளவு பவருக்குச் செதுக்கினால் அங்கே மிச்சம் ஒன்றும் இருக்காது. இந்த ஆஸ்பத்திரி என்று இல்லை, மெட்ராஸுக்குப் போனாலும் செய்யமாட்டார்கள்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதி குறைந்தால் போதும் என்றேன். கால்வாசி குறைந்தாலும் போதும் என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், என்ன ஆனாலும் உங்களைக் கேட்க மாட்டேன் என்றேன். ஏன் கண்ணாடி வேண்டாம் என்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பீரோவில் பூட்டியதிலிருந்து சொன்னாள்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இது கண்ணாடி போட்டா நல்லாத் தெரியுற கண்ணும்மா. அதை நான் கெடுக்க மாட்டேன். நீங்க இப்ப பயப்பட வேண்டியது அதுக்கில்ல. இடது கண்ணுல உள்ளே விழித்திரை மெலிஞ்சு ஓட்டை விழுந்திருக்கு. சுவத்துல ஒட்டின தாள் உரியுற மாதிரி அது உரிஞ்சு வந்துட்டா பார்வை போயிரும். மின்னல் மாதிரி தெரிஞ்சிருக்குமே?"

தெரிந்தது என்றேன்.

அதற்கும் லேசர்தான் என்றார். ஆனால் அது பவரைக் குறைக்கிற லேசர் இல்லை. ஓட்டையைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, விழித்திரை உரியாமல் ஒட்டி வைக்கிற லேசர். அன்றைக்கே செய்ய வேண்டும்.

தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொன்னார்கள். கண் மரத்துப்போக மருந்து விட்டு, கண் மேலேயே ஒரு லென்ஸை வைத்துப் பிடித்துக்கொண்டார். பச்சை. மூளைக்குள்ளேயே அடிக்கிற மாதிரி பச்சை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு டக் சத்தம். சில அடிகள் உள்ளே ஊசி குத்திய மாதிரி வலித்தன. அசையக் கூடாது என்றார். நான் அசையவில்லை. லேசர் வேண்டும் என்று கும்பிட்ட எனக்கு லேசர் கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது வந்த அழுகையைத் தொண்டையிலேயே நிறுத்தினேன், தலை ஆடிவிடக் கூடாதே என்று.

வெளியே வந்தபோது அந்தக் கண்ணில் எல்லாம் ரோஸ் நிறமாக, இருட்டாக இருந்தது. கனம் தூக்கக் கூடாது, மூன்று மாதத்தில் மறுபடி வர வேண்டும், கண்ணாடியை மாற்றிப் போட்டே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அருப்புக்கோட்டை நெருங்கியதும், "கழட்டி உள்ள வச்சுக்க ஆத்தா" என்றாள். நானும் கழற்றினேன். அவள் மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கழற்றியது நான்தான்.

மூன்று மாதம் ஆயிற்று. நான் மதுரைக்குப் போகவில்லை. என்ன சொல்லிவிட்டுப் போவது? குடம் தூக்காமல் இருக்கச் சாக்குச் சொல்லிச் சொல்லிச் சோம்பேறி என்றும் பெயர் வாங்கியிருந்தேன்.

மறு வருடம் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். திருச்சுழிப் பள்ளிக்கூடத்து டீச்சர் என் புருசனைக் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் பிள்ளை போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுத எழுந்து போர்டுக்கு அருகிலேயே வந்துவிடுகிறாள், கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மதியச் சாப்பாட்டு நேரம். மாமியார் உடனே, நம்ம வம்சத்தில் யாருக்கும் கண் இப்படி இல்லையே என்றாள். பிறகு, கண்ணாடி கிண்ணாடி எல்லாம் வேண்டாம், பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு எவன் வந்து கட்டுவான், கீரையும் கேரட்டும் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, அதுவும் சரிதான், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார்.

மகள் என் மடியில் இருந்தாள். அவளுடைய மூக்கை நான் பார்த்தேன். குழி விழாத மூக்கு.

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, புதுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றேன். எட்டு வருடத்தில் அந்த வீட்டின் பட்டாசாலையை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். அவர் கையில் சோறு இருந்தது. மகள் சிரித்துவிட்டாள்.

"எனக்கு நாலாங்கிளாஸ்லயே கண்ணாடி போட்டாச்சு. என் கண்ணுதான் புள்ளைக்கு வந்திருக்கு. அவளுக்குக் கண்ணாடி போடுங்க. என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க" என்றேன்.

மாமியார்தான் முதலில் சத்தம் போட்டாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, எதிரில் நின்று என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தாரா என்று கேட்டால், இல்லை. அதைவிட மோசமாக இருந்தது அந்த முகம்.

"அப்ப எட்டு வருசமா நீ என் மொகத்தப் பாத்ததே இல்லையா?"

"பாத்திருக்கேன். முள்ளுக்காட்டுக்குள்ள நின்னு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு" என்றேன்.

மறுநாள் காலையில் என்னை அருப்புக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் நான் முன்னால், அவர் பின்னால். நேராக அப்பாவின் கடைக்குப் போனார். அப்பா எழுந்து நின்றார். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சொல்லியிருந்தா கட்டியிருப்பேனான்னு எனக்கே தெரியாது மாமா. ஆனா என்னையக் கேட்டிருக்கணும்ல."

அப்பா கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் புருசன் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மகள் அவரோடு ஊரில் இருந்தாள்.

இரண்டரை மாதம் நான் அப்பா வீட்டில் இருந்தேன். நாள் முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தேன். எல்லாம் தெரிந்தது, மகளைத் தவிர. அவளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்களா, களத்தில் யார் அவளைப் பார்த்துக்கொள்கிறார்கள், பாதையில் எதிரே வருகிற வண்டி அவளுக்குத் தெரிகிறதா என்று ஒவ்வொரு மணி நேரமும் நினைத்தேன். கடைக்கு உரம் வாங்க வந்த அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டேன். அவர்கள் என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, தெரியாது என்றார்கள். அம்மா என் எதிரில் வருவதை நிறுத்திவிட்டாள். சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இடது கண்ணில் மறுபடியும் மின்னல் வெட்டியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கண் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போனால் போகட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகளோடு வந்து இறங்கினார். மகள் கண்ணாடி போட்டிருந்தாள். பச்சைப் பிரேம். அவரே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கியிருக்கிறார். மைனஸ் மூன்றாம்.

"வழி பூரா வார பஸ்ஸு போர்டெல்லாம் வாசிச்சுக்கிட்டே வந்தா. காது வலிச்சுப்போச்சு" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "கெளம்பு. புள்ளைக்கு ஆள் வேணும்" என்றார்.

மன்னித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். என்னை அழைத்துப் போனார். அவ்வளவுதான். அந்த வீட்டில் பல மாதம் தேவைக்கு மட்டுமே பேச்சு இருந்தது. மாமியார் என் கண்ணாடியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாத்தனார் மட்டும் ஒரு நாள் வந்து, பஸ் விட்டு இறங்கி வந்தபோது நிஜமாகவே என்னைத் தெரியலையா என்று கேட்டாள். தெரியவில்லை மதினி என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கோடையில், முகம் கழுவிக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து கறுப்பாக ஒரு திரை வந்து மூடியது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. வயலில் இருந்தவரைத் தேடி ஓடினேன். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. லேசர் வைத்தது, மூன்று மாதத்தில் வரச் சொன்னது, போகாதது எல்லாவற்றையும் வரப்பில் நின்றுகொண்டு சொன்னேன். அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. மண் காலோடு பஸ் ஏறினார்.

அதே டாக்டர் அம்மாள்தான் பார்த்தார். பழைய லேசர் போட்ட இடம் ஒட்டித்தான் இருக்கிறது, வேறோர் இடத்தில் கிழிந்து விழித்திரை பாதிக்கு மேல் உரிந்துவிட்டது என்றார். மின்னல் வெட்டியபோதே வந்திருந்தால் அதையும் ஒட்டியிருக்கலாம் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆபரேசன் செய்து கண்ணுக்குள் எண்ணெய் மாதிரி ஒன்றை நிரப்பினார்கள். பத்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. சாப்பாடும் அப்படியேதான். என் புருசன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து எனக்கு ஊட்டிவிட்டார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் காளைய நான் திருப்பி விட்டதுனாலதான் சொல்லலயா?"

ஆமாம் என்றேன். அவர் கரண்டியை எடுத்து மிச்சத்தை ஊட்டினார்.

அந்தக் கண் திரும்பவில்லை. இப்போது அதில் வெளிச்சம் தெரியும், முகத்துக்கு முன்னால் கை ஆடினால் தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணிலும் இரண்டு இடம் மெலிந்திருப்பதைக் கண்டுபிடித்து அதற்கும் பச்சை லேசர் போட்டார்கள். கண்ணாடியோடு அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் சமைக்கிறேன், வயலுக்குப் போகிறேன், இதை எழுதுகிறேன்.

மகளுக்கு வருடத்துக்கு ஒன்று என்று பவர் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோடை லீவிலும் நாங்கள் மூன்று பேரும் மதுரைக்குப் போவோம். சொட்டு மருந்து விட்டு அவளை உட்கார வைப்பார்கள். டாக்டர் அம்மாள் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் கண்ணுக்குள் குனிவார். மேலே பாரு, கீழே பாரு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒரே இடத்தை இரண்டாம் தடவை பார்த்தால், வேறு யாரையும் கூப்பிடுகிறாரா என்று கதவையே பார்ப்பேன். என் புருசன் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், டாக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு.

தொண்ணூற்றொன்பதில் போனபோது மகளுக்கு ஒன்பது வயது, மைனஸ் ஆறு. டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்து, எழுதத் தொடங்கினார். என் புருசன் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். பிறகு, விழித்திரையில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார்.

மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பசிக்கிறது என்றாள்.